போனைத் திருப்பும்போது இணையதளம் தடுமாறாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுரை படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் போனைப் பக்கவாட்டில் சாய்க்கிறார். திரை திரும்பிவிடுகிறது. ஆனால் படித்துக்கொண்டிருந்த பத்தியைக் காணோம். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, நடுவில் இரண்டே வரிகள். படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர் என்றால் அடித்ததெல்லாம் காலி. இணையதளம் செய்வதுதான் என் அன்றாட வேலை. இந்தத் திருப்பம் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

போர்ட்ரெய்ட் என்பதை நெடுக்குவாட்டம் என்றும், லேண்ட்ஸ்கேப் என்பதைப் படுக்கைவாட்டம் என்றும் சொல்கிறேன். நிரலில் வரும் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது வழக்கமான எழுத்துக்கூட்டல்தான்.

போனைத் திருப்பும்போது பக்கத்துக்கு உண்மையில் என்ன நேர்கிறது?

புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை போனுக்குள் இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் சென்சார் உணர்ந்து ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்கிறது. பயனர் 'ஆட்டோ ரொட்டேட்' வசதியை அணைத்து வைக்காவிட்டால் சிஸ்டம் திரையைத் திருப்புகிறது. பக்கத்தைப் பொறுத்தவரை நடப்பது ஒன்றுதான்: ஜன்னலின், அதாவது பக்கம் தெரியும் பகுதியின், அளவு மாறுகிறது. பக்கம் மறுபடி லோடு ஆவதில்லை. ஸ்கிரிப்ட்டில் (பக்கத்தோடு ஓடும் நிரலில்) இருக்கும் மதிப்புகள், பெட்டிகளில் அடித்த எழுத்துகள் எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன.

ஐபோன் 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நெடுக்குவாட்டில் அதன் திரை 390க்கு 844 சிஎஸ்எஸ் பிக்சல் (இணையதளம் அளவெடுக்கும் அலகு). படுக்கைவாட்டில் 844க்கு 390. அகலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுவதால் ஒவ்வொரு பத்தியிலும் வரிகள் பாதியாகின்றன, பக்கத்தின் மொத்த உயரமும் சுருங்குகிறது. மேலிருந்து 6,000 பிக்சல் தள்ளி முன்பு ஒரு பத்தி இருந்தது என்றால் இப்போது அதே இடத்தில் வேறொரு பத்தி இருக்கிறது. தளங்கள் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் வேர் இதுதான்.

இதற்கு ஸ்கிரிப்ட் அவசியமா? சிஎஸ்எஸ் போதாதா?

தோற்றத்துக்கு சிஎஸ்எஸ் போதும், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழிதான் அது. ஒரே நெடுவரிசையாக இருப்பதை இரண்டாக்குவது, மெனுவை ஓரத்துக்கு நகர்த்துவது, படத்தின் அளவை மாற்றுவது எல்லாம் மீடியா கொயரியின் (திரை அளவைப் பார்த்துத் தோற்றத்தை மாற்றும் சிஎஸ்எஸ் விதியின்) வேலை. அதை ஸ்கிரிப்ட்டில் செய்தால் தாமதமாகும், பிழையும் கூடும்.

சிஎஸ்எஸ்ஸுக்கு நினைவு கிடையாது என்பதுதான் சிக்கல். வாசகர் எந்த வரியில் இருந்தார், கேன்வாஸில் (பக்கத்தில் வரைவதற்கான பெட்டியில்) என்ன வரைந்தார், வரைபடம் எந்த அளவுக்கு வரையப்பட்டது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த நினைவைக் காப்பாற்றுவதற்குத்தான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வேண்டும். ஐம்பது அறுபது வரிக்கு மேல் போகிறதென்றால், சிஎஸ்எஸ் செய்ய வேண்டிய எதையோ ஸ்கிரிப்ட்டின் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஸ்கிரிப்ட் எழுதும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

வியூபோர்ட் மெட்டா டேகை, அதாவது பக்கத்தை எந்த அகலத்தில் காட்ட வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரியை. அதில் அகலம் 'டிவைஸ்-வித்' என்றும் தொடக்க ஸ்கேல் 1 என்றும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஐபோன் சஃபாரி 980 பிக்சல் அகலமுள்ள கணினித் திரையைக் கற்பனை செய்துகொண்டு பக்கத்தைச் சுருக்கிக் காட்டும். அதன்பின் நீங்கள் எழுதும் எந்த அளவும் பொருந்தாது.

இன்னொன்று, ஐபோனைப் படுக்கவைத்ததும் எழுத்து தானாகப் பெருத்துவிடுவது. சிஎஸ்எஸ்ஸில் 'டெக்ஸ்ட்-சைஸ்-அட்ஜஸ்ட்' பண்பை 100 சதவீதம் என்று வைத்தால் அது நின்றுவிடும். வெப்கிட் (சஃபாரியின் உள் இயந்திரம்) முன்னொட்டோடும் ஒரு முறை எழுத வேண்டும்.

இந்த இரண்டுக்கும் பதிலாகப் பலர் 'மேக்ஸிமம்-ஸ்கேல்' 1 என்று போட்டு, பயனர் பெரிதாக்கிப் பார்க்க முடியாமல் செய்துவிடுகிறார்கள். பார்வை மங்கலான பலருக்கு விரலால் விரித்துப் பார்ப்பதுதான் எளிய வழி. தயவுசெய்து அதை அடைக்காதீர்கள். ஐஓஎஸ் 10 வந்ததிலிருந்து சஃபாரி இந்தத் தடையை மதிப்பதில்லை. மற்ற இடங்களில் அது இன்னும் ஆளை வதைக்கிறது.

நெடுக்கா படுக்கையா என்பதை பிரவுசர் எப்படி முடிவு செய்கிறது?

மீடியா கொயரியின் விதி மிக எளிது. ஜன்னலின் உயரம் அகலத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் நெடுக்குவாட்டம், இல்லையென்றால் படுக்கைவாட்டம். சரிசதுரமாக இருந்தாலும் நெடுக்குவாட்டம் என்றே கொள்ளும்.

போன் கையில் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது இந்த விதியில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் வைத்து, திரையைப் பாதியாகப் பிரித்து இரண்டு ஆப் திறக்கிறார் ஒருவர். கருவி படுக்கையில் இருக்கிறது. உங்கள் பக்கம் கிடக்கும் ஜன்னலோ ஒல்லியாக நெடுக்கில் நிற்கிறது. 'ஸ்கிரீன் ஓரியன்டேஷன்' என்ற இடைமுகத்தைக் கேட்டால் படுக்கை என்று சொல்லும், மீடியா கொயரி நெடுக்கு என்று சொல்லும். இரண்டுமே உண்மை. உங்கள் பக்கத்துக்குப் பயன்படும் உண்மை இரண்டாவதுதான். மடக்கு போன்களில் விரித்த திரை கிட்டத்தட்ட சதுரம், ஆகவே சில பிக்சல் வித்தியாசத்தில் விடை மாறிவிடும்.

அதனால் நான் வடிவமைப்பை நெடுக்கு, படுக்கை என்று பிரிப்பதே இல்லை. "எவ்வளவு அகலம் இருக்கிறது, எவ்வளவு உயரம் இருக்கிறது" என்று மட்டும் கேட்கிறேன். 600 பிக்சலுக்கு மேல் அகலம் கிடைத்தால் இரண்டு நெடுவரிசை, 480-க்குக் கீழே உயரம் போனால் மேல்பட்டை ஒட்டாமல் நகர்ந்துபோகட்டும் என்ற மாதிரி. போனை எப்படிப் பிடித்தாலும் இந்தக் கேள்விகளுக்கு விடை தவறாது.

பழைய குறிப்புகளில் 'விண்டோ ஓரியன்டேஷன்' என்று ஒன்று வருகிறதே, பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது 0, 90, -90, 180 என்று நான்கு கோணங்களைத் தரும் பழைய பண்பு. அதோடு வரும் 'ஓரியன்டேஷன்சேஞ்ச்' நிகழ்வும் (ஒன்று நடந்ததும் பிரவுசர் ஸ்கிரிப்ட்டுக்கு அனுப்பும் செய்தி) சேர்ந்து கைவிடப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. இன்னும் பல பிரவுசர்களில் ஓடும் என்றாலும் புதிதாக எழுதுவதில் அதைச் சேர்க்கக் காரணம் இல்லை.

கோணத்தை நம்புவதில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு உண்டு. 0 என்றால் "கருவியின் இயல்பான நிலை" என்றுதான் பொருள். போனுக்கு இயல்பு நெடுக்குவாட்டம். சில டேப்லெட்டுகளுக்கு இயல்பே படுக்கைவாட்டம். "0 வந்தால் நெடுக்கு" என்று எழுதிய நிரல் அந்த டேப்லெட்டில் தலைகீழாகப் புரிந்துகொள்ளும்.

'ஸ்கிரீன்' பொருளின் அகலத்தையும் நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டில் போனைத் திருப்பினால் அந்த எண் மாறும், ஐபோன் சஃபாரியில் மாறாது. 'இன்னர்வித்', 'இன்னர்ஹைட்' இரண்டும் ஜன்னலின் அளவைச் சொல்பவை. நமக்கு வேண்டியது அவைதான்.

சரி, அந்தச் சின்ன ஸ்கிரிப்ட் எப்படி இருக்கும்?

நான் பயன்படுத்துவதைச் சொல்கிறேன். 'மேட்ச்மீடியா' என்ற ஃபங்ஷனுக்கு நெடுக்குவாட்டக் கொயரியைக் கொடுத்து, அது தரும் பொருளை ஒரு மாறியில் வைக்கிறேன். அந்தப் பொருளின் 'மேட்சஸ்' பண்பு உண்மை என்றால் நெடுக்கு, பொய் என்றால் படுக்கை. அதே பொருளின் மேல் 'சேஞ்ச்' நிகழ்வுக்கு ஒரு ஃபங்ஷனைக் கட்டுகிறேன். நிலை மாறும்போது மட்டும் ஒரே ஒரு முறை அது அழைக்கப்படும். ஸ்கிரிப்ட்டின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

அந்த ஃபங்ஷனுக்குள் மூன்றே வேலைகள்: கேன்வாஸ் இருந்தால் மறுபடி வரைவது, வரைபடம் அல்லது மேப் நூலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) இருந்தால் அதன் அளவு மாற்றும் கட்டளையை அழைப்பது, வாசகரைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது. இந்த வரிசை முக்கியம். மேலே இருக்கும் வரைபடத்தின் உயரம் மாறிய பிறகு இடத்தைக் கணக்கிட்டால்தான் கணக்கு பொருந்தும்.

சஃபாரி 14-க்கு முந்தைய கருவிகளையும் தாங்க வேண்டுமென்றால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவற்றில் இந்தப் பொருளுக்கு 'ஆட் ஈவென்ட் லிசனர்' கிடையாது, 'ஆட் லிசனர்' என்ற பழைய பெயர்தான் உண்டு. 'ஆட் ஈவென்ட் லிசனர்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் பழையதை அழையுங்கள்.

'ரீசைஸ்' நிகழ்வையே கேட்டுக்கொண்டிருந்தால் என்ன?

கேட்கலாம், ஆனால் அது வாயாடி. கணினியில் ஜன்னலை இழுக்க இழுக்க ஓயாமல் வரும். போனில் ஸ்க்ரோல் செய்யும்போது விலாசப் பட்டை மறைந்தாலும் சில பிரவுசர்களில் வரும். ஒரு குறிப்பிட்ட பெட்டியின் அளவுதான் வேண்டும் என்றால் 'ரீசைஸ் அப்சர்வர்' அதைவிட நல்லது. அந்தப் பெட்டி ஏன் மாறியது என்று கவலைப்படாமல், மாறியபோது மட்டும் சொல்லும்.

நிகழ்வு வந்ததும் அளவைக் கேட்டால் பழைய எண்ணே வருகிறது. ஏன்?

அநேகமாக 'ஓரியன்டேஷன்சேஞ்ச்' நிகழ்வைப் பிடித்திருப்பீர்கள். சில கருவிகளில் அது லேஅவுட் (பக்கத்தை அடுக்கும் வேலை) முடியும் முன்பே வந்துவிடும், அப்போது 'இன்னர்வித்' இன்னும் 390 என்றே சொல்லும். இதற்கு 'செட்டைம்அவுட்' போட்டு 200 அல்லது 500 மில்லிவிநாடி காத்திருக்கும் வைத்தியத்தைப் பல நிரல்களில் பார்த்திருக்கிறேன். வேகமான போனில் கண்ணில் படும் தாமதம் வரும், மெதுவான போனில் அதுவும் போதாது.

'மேட்ச்மீடியா' வழியில் இந்தத் தொல்லை இல்லை. கொயரியின் விடை மாறியது என்றாலே அளவு மாறிவிட்டது என்று அர்த்தம்.

இன்புட் பெட்டியைத் தொட்டு கீபோர்டு வந்ததும் பக்கம் படுக்கைவாட்டத்துக்கு மாறிவிடுகிறது. போனைத் தொடவே இல்லையே?

மேலே சொன்ன விதியை நினைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு திரையின் பாதியை எடுத்துக்கொண்டால் ஜன்னலின் மிச்ச உயரம் அகலத்தைவிடக் குறைந்துவிடும். விதிப்படி அது படுக்கைவாட்டம். ஆண்ட்ராய்டில் வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. பெயரை அடிக்கப் பெட்டியைத் தொட்டால் பக்கம் குலுங்கி இரண்டு நெடுவரிசையாகி, தொட்ட பெட்டி திரைக்கு வெளியே போய்விடும். பயனருக்கு என்ன நடந்தது என்றே புரியாது.

2022 நவம்பரில் வந்த குரோம் 108 இதை மாற்றியது. ஆண்ட்ராய்டிலும் இப்போது கீபோர்டு வந்தால் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும் சுருங்குகிறது, லேஅவுட் அசைவதில்லை. ஐபோனில் முன்பிருந்தே இதுதான் வழக்கம். ஆனால் வியூபோர்ட் மெட்டாவில் 'இன்டராக்டிவ்-விட்ஜெட்' என்பதற்கு 'ரீசைசஸ்-கன்டென்ட்' என்ற மதிப்பைக் கொடுத்திருந்தால் பழைய நடத்தை திரும்பி வரும். யாரோ எங்கிருந்தோ நகலெடுத்து வைத்த அந்த ஒரு சொல்லால் பிரச்சினை வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய போன்களும் புழக்கத்தில் இருப்பதால் ஸ்கிரிப்ட்டில் ஒரு காவல் வைக்கிறேன். 'சேஞ்ச்' வந்ததும், இப்போது ஃபோகஸ் இன்புட் பெட்டியில் இருக்கிறதா, ஜன்னலின் அகலம் முன்பிருந்ததேதானா என்று பார்க்கிறேன். இரண்டுக்கும் ஆம் என்றால் வந்தது கீபோர்டு, போன் திரும்பவில்லை. ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுகிறேன். போன் உண்மையாகவே திரும்பினால் அகலம் மாறாமல் இருக்காது.

திருப்பியதும் வாசகர் படித்த இடம் தொலைந்துபோகிறது. மீட்க முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். எழுத்தைப் பெரிதாகப் பார்க்கலாம் என்று நினைத்துத்தான் ஒருவர் போனைத் திருப்புகிறார். அந்தக் கணத்தில் இடத்தைத் தொலைத்துவிட்டால் தேடிப் பிடிக்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்?

குரோமிலும் பயர்பாக்ஸிலும் ஸ்க்ரோல் இடத்தைத் தாங்கிப்பிடிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. எல்லாப் பிரவுசருக்கும் பொதுவாக அதையே நம்பிவிட முடியாது. ஆகவே நாமே செய்வோம்.

நிலை மாறிய செய்தி வரும்போது லேஅவுட் ஏற்கெனவே மாறிப்போயிருக்கும். அதனால் இடத்தை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். ஸ்க்ரோல் நின்று 150 மில்லிவிநாடி ஆனதும், மேல்பட்டைக்குச் சற்றுக் கீழே திரையின் நடுவில் ஒரு புள்ளியை எடுத்து, 'எலிமென்ட் ஃப்ரம் பாயின்ட்' மூலம் அங்கே எந்த உறுப்பு இருக்கிறது என்று கேட்கிறேன். அங்கிருந்து மேலேறி, அது அடங்கிய பத்தியையோ தலைப்பையோ படத்தையோ பிடித்துக்கொள்கிறேன்.

பத்தி மட்டும் தெரிந்தால் போதாது, நீளமான பத்தியில் பாதி தாண்டியிருப்பார். ஆகவே ஒரு விகிதமும் குறிக்கிறேன். பத்தியின் உயரம் 900 பிக்சல், அதில் 600 மேலே போய்விட்டது என்றால் மூன்றில் இரண்டு பங்கு. திருப்பிய பிறகு அதே பத்தி 420 பிக்சலாகச் சுருங்கியிருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு 280. பத்தியின் புதிய தலையிலிருந்து 280 பிக்சல் கீழே பக்கத்தை நிறுத்தினால், அவர் விட்ட வரி கண்ணெதிரே நிற்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் அரை நாள் அதில் சிக்கிக் கிடந்தேன். திரை திரும்பியதும் பக்கத்தின் உயரம் சுருங்குவதால் பிரவுசரே ஸ்க்ரோலைக் கொஞ்சம் நகர்த்தலாம். ஒரு ஃபிரேமில் பிரவுசர் முதலில் ரீசைஸ் நிகழ்வையும், அடுத்து ஸ்க்ரோல் நிகழ்வையும், அதற்குப் பிறகே மீடியா கொயரி மாற்றத்தையும் அறிவிக்கிறது. ஸ்க்ரோல் நிகழ்விலேயே இடத்தைக் குறித்தால், தவறான புது இடம் நல்ல பழைய இடத்தை அழித்துவிடும். அந்த 150 மில்லிவிநாடி காத்திருப்பு அதற்காகத்தான். 'சேஞ்ச்' வந்ததும் முதல் வேலையாக அந்த டைமரை ரத்து செய்துவிட்டு, பழைய குறிப்பை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

மீட்கும்போது வழுக்கிக்கொண்டு போகும் மென்மையான ஸ்க்ரோல் வேண்டாம், சட்டென்று போய் நிற்கட்டும். திரை திரும்பும் அசைவின் மேல் இன்னொரு அசைவு சேர்ந்தால் சிலருக்குத் தலை சுற்றும்.

கையெழுத்துப் போடும் கேன்வாஸ், திருப்பினால் வெறுமையாகிவிடுகிறது. என்ன செய்வது?

நான் செய்துகொடுத்த ஒரு படிவத்திலேயே இது நடந்தது. கீழே கையெழுத்துப் பெட்டி. நெடுக்குவாட்டில் ஒருவர் பாதிப் பெயர் எழுதுகிறார், இடம் போதவில்லை, இயல்பாகப் போனைப் படுக்கவைக்கிறார். கையெழுத்து மறைந்துவிடுகிறது. மறுபடி நேராக்கி எழுதுகிறார், இடம் போதவில்லை. அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை, தவறு முழுக்க என் நிரலில் இருந்தது.

காரணம் இதுதான்: கேன்வாஸின் 'வித்' அல்லது 'ஹைட்' பண்புக்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும், பழைய மதிப்பையே மறுபடி கொடுத்தாலும்கூட, அதில் வரைந்ததெல்லாம் அழிந்துவிடும். அளவு மாற்றும் ஃபங்ஷனில் எல்லோரும் முதலில் எழுதுவது அந்த வரியைத்தான்.

படமாக நகலெடுத்து ஒட்டும் வழி ஒன்று உண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் கோடுகள் மங்கிக்கொண்டே போகும். நான் விரல் போன பாதையையே சேமிக்கிறேன். ஒவ்வொரு கோடும் புள்ளிகளின் வரிசை. புள்ளியின் இடத்தைப் பிக்சலாக வைக்காமல் பெட்டியின் அகலத்தில் எத்தனை பங்கு என்று வைக்கிறேன், மேல்கீழ் இடத்துக்கும் அதே அகலம்தான் அளவுகோல். திருப்பியதும் புதிய அகலத்தால் பெருக்கி மறுபடி வரைந்தால் கையெழுத்து நசுங்காமல், நீளாமல் வரும். அது பெட்டிக்குள் அடங்க வேண்டுமே, அதற்காக சிஎஸ்எஸ்ஸில் 'ஆஸ்பெக்ட்-ரேஷியோ' 3க்கு 1 என்று பெட்டியின் வடிவத்தை நிலைநிறுத்திவிடுகிறேன்.

டிவைஸ் பிக்சல் ரேஷியோவை (ஒரு சிஎஸ்எஸ் பிக்சலின் அகலத்தில் திரையின் எத்தனை பிக்சல்கள் என்பதை) மறக்காதீர்கள். அது 3 ஆக இருக்கும் போனில் 300 பிக்சல் அகலப் பெட்டிக்கு கேன்வாஸின் உள் அகலம் 900 இருந்தால்தான் கோடு கூர்மையாக இருக்கும்.

பக்கம் மறுபடி லோடு ஆவதில்லை என்றீர்கள். என் தளத்தில் அடித்த எழுத்துகள் போகின்றனவே?

ரியாக்ட் அல்லது வியூ மாதிரியான நூலகத்தில் செய்த தளமா? "படுக்கைவாட்டம் என்றால் இந்தப் படிவம், நெடுக்குவாட்டம் என்றால் அந்தப் படிவம்" என்று இரண்டு காம்பொனென்ட்டுகள் (பக்கத்தின் தனித்தனித் துண்டுகள்) இருக்கிறதா என்று தேடுங்கள். நிலை மாறியதும் நூலகம் ஒன்றை இடித்துவிட்டு மற்றதைப் புதிதாகக் கட்டுகிறது. அதற்குள் இருந்த எழுத்துகளும், ஓடிக்கொண்டிருந்த வீடியோவின் இடமும், திறந்திருந்த மெனுவும் இடிபாட்டோடு போகின்றன.

படிவம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழி) அப்படியே நிற்க, சிஎஸ்எஸ் மட்டும் அதை வேறு மாதிரி அடுக்கட்டும்.

படுக்கைவாட்டில் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் திரையை விழுங்கிவிடுகின்றன.

உயரம் 390 தான், அதிலும் பிரவுசரின் சொந்தப் பட்டைகள் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் ஒட்டும் தலைப்பு 64, கீழ் மெனு 56, குக்கீ அறிவிப்பு 120 என்றால் இவற்றுக்கே 240 போய்விட்டது. படிக்க மிஞ்சுவது சில வரிகள்தான். உயரம் 480-க்குக் கீழ் இருந்தால் எதுவும் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று ஒரு மீடியா கொயரி எழுதுங்கள். இதற்கு ஸ்கிரிப்ட் வேண்டாம்.

முழுத்திரைப் பகுதிக்கு 100 'விஎச்', அதாவது ஜன்னலின் முழு உயரம், போட்டிருந்தால், விலாசப் பட்டை தெரியும்போது அடிப்பகுதி மறைந்துபோகும். 'டிவிஎச்', 'எஸ்விஎச்', 'எல்விஎச்' என்ற அலகுகள் இதற்காகவே வந்தவை. சஃபாரி 15.4, பயர்பாக்ஸ் 101, குரோம் 108 முதல் இவை உண்டு. பொத்தான் கட்டாயம் தெரிய வேண்டிய இடத்தில் நான் 'எஸ்விஎச்' போடுகிறேன். பட்டைகள் எல்லாம் விரிந்திருக்கும்போது மிஞ்சும் உயரம் அது, ஆகவே எதுவும் அடியில் போய் ஒளியாது.

படுக்கவைத்தால் கேமரா வெட்டு எழுத்தை மறைக்கிறதே?

2017-ல் ஐபோன் எக்ஸ் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. ஐபோனில் சஃபாரி வழக்கமாக இரண்டு பக்கமும் இடைவெளி விட்டுவிடும். வியூபோர்ட்டில் 'வியூபோர்ட்-ஃபிட்' 'கவர்' என்று போட்டு முழுத்திரையையும் நீங்கள் கேட்டு வாங்கியிருந்தால், ஓரத்தைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. 'சேஃப்-ஏரியா-இன்செட்' மதிப்புகளை இடது, வலது இரண்டு பக்க பேடிங்கிலும் (உள் இடைவெளியிலும்) சேருங்கள். போனை எந்தப் பக்கம் சாய்ப்பார் என்று உங்களுக்குத் தெரியாது.

பக்கத்தை ஒரே வாட்டத்தில் பூட்டி வைக்க முடியுமா?

'ஸ்கிரீன் ஓரியன்டேஷன்' இடைமுகத்தில் 'லாக்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஆண்ட்ராய்டு குரோமில், பக்கம் முழுத்திரைக்குப் போன பிறகே அது வேலை செய்யும். ஐபோன் சஃபாரி 16.4 முதல் அந்த இடைமுகத்தைப் படிக்க விடுகிறது, பூட்ட விடுவதில்லை. 'லாக்' ஒரு பிராமிஸை (முடிவைப் பிறகு சொல்லும் பொருளை) தரும், அது மறுக்கப்படலாம். மறுப்பைப் பிடிக்காமல் விட்டால், பூட்டிவிட்டோம் என்று நம்பிக்கொண்டு அடுத்த வரிகள் தப்பாக ஓடும். போனில் நிறுவக்கூடிய வெப் ஆப் என்றால் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் விருப்பமான வாட்டத்தைக் குறிப்பிடலாம்.

முழுத்திரையில் ஓடும் கேமுக்கும் வீடியோவுக்கும் இது நியாயம். கட்டுரைக்கும் படிவத்துக்கும் வேண்டாம்.

"போனைத் திருப்பிப் பிடிக்கவும்" என்று திரையை மறைத்து ஒரு பலகை வைக்கலாமா?

வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

போனையோ டேப்லெட்டையோ சக்கர நாற்காலியின் கைப்பிடியில் பொருத்திப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் அதைத் திருப்ப முடியாது. அந்தப் பலகை அவர்களுக்கு மூடிய கதவு. படுத்தபடி படிப்பதற்காக ஆட்டோ ரொட்டேட்டை அணைத்து வைத்தவர்கள் போனைத் திருப்பினாலும் பலகை போகாது, ஏனென்றால் ஜன்னலின் அளவு மாறவே இல்லை.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜூனில் வெளியிட்ட டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் நெறிகளில் 1.3.4 என்ற விதி இதைப் பற்றியதுதான். ஒரு குறிப்பிட்ட வாட்டம் இன்றியமையாததாக இருந்தாலொழிய, உள்ளடக்கம் ஒரே வாட்டத்தில் மட்டும் இயங்கும்படி கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. ஏ, ஏஏ, ஏஏஏ என்ற மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ நிலை விதி அது. விதிவிலக்குக்கு அது காட்டும் உதாரணங்களில் வங்கிக் காசோலையும் பியானோ ஆப்பும் உண்டு. உங்கள் பக்கம் பியானோ இல்லையென்றால் விதிவிலக்கும் இல்லை.

அகலமான அட்டவணை இருக்கிறது, படுக்கவைத்தால் நன்றாகத் தெரியும் என்றால், அட்டவணைக்கு மேலே ஒரு வரியில் அப்படிச் சொல்லுங்கள். அட்டவணை அதன் பெட்டிக்குள் பக்கவாட்டில் நகரட்டும். யோசனை சொல்லலாம், வழியை மறிக்கக் கூடாது.

சிஎஸ்எஸ்ஸில் பக்கத்தையே 90 பாகை சுழற்றிக் காட்டும் தந்திரத்தையும் பார்த்திருப்பீர்கள். கீபோர்டும் பிரவுசரின் பட்டைகளும் ஒரு பக்கம் நிற்க, எழுத்து மட்டும் வேறு பக்கம் சாயும். அந்தப் பக்கத்தில் பெயரை அடித்துப் பார்த்தால் தெரியும்.

'டிவைஸ் ஓரியன்டேஷன்' நிகழ்வும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது கருவி மூன்று அச்சுகளில் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று தொடர்ந்து சொல்லும் சென்சார் தகவல். திசைகாட்டி, கேம் போன்றவற்றுக்கு. ஐஓஎஸ் 13 முதல் அதற்குப் பயனரின் அனுமதியும் வேண்டும். பக்கத்தை அடுக்க அது தேவையே இல்லை.

ஐஃப்ரேமுக்குள் என் விட்ஜெட் எப்போதும் படுக்கைவாட்டம் என்றே சொல்கிறது.

ஐஃப்ரேம் என்பது பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் பெட்டி. அதற்குள் மீடியா கொயரி அந்த ஃப்ரேமின் அளவைத்தான் பார்க்கும். 360க்கு 200 ஃப்ரேம் எப்போதும் படுக்கைவாட்டம்தான். அங்கேயும் அகலத்தைக் கேளுங்கள்.

எப்படிச் சோதிப்பது?

கணினி பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் போன் திரையைக் காட்டித் திருப்பும் பொத்தான் இருக்கிறது. சிஎஸ்எஸ்ஸைப் பார்க்க அது போதும். ஆனால் அங்கே கீபோர்டு எழும்பாது, விலாசப் பட்டை சுருங்காது, நிகழ்வுகளின் நேரமும் உண்மையான போனில் வருவதுபோல் இருக்காது. ஆகவே ஒரு ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன் இரண்டையும் யூஎஸ்பியில் கணினியோடு இணைத்து, கன்சோலைப் பார்த்துக்கொண்டே கையால் திருப்பிப் பாருங்கள்.

நான் செய்யும் சோதனை இது. நீளமான பக்கத்தின் நடுவில் ஒரு பத்திக்கு வந்து, அதில் ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொள்கிறேன். திருப்புகிறேன். அந்தச் சொல் திரையில் இருக்கிறதா? மறுபடி நேராக்குகிறேன். இருக்கிறதா? இப்படி ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் ஒரு வரி நழுவினால் ஐந்தாவது முறை கண்டிப்பாகத் தெரிந்துவிடும். அடுத்து படிவத்தில் பாதிப் பெயர் அடித்து, கீபோர்டு திறந்திருக்கும்போதே திருப்புகிறேன். பிறகு கையெழுத்துப் பெட்டியில் ஒரு வட்டம் வரைந்து திருப்புகிறேன், வட்டம் முட்டை வடிவமாகியிருந்தால் விகிதக் கணக்கில் பிழை. கடைசியாக ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டு, போனைப் படுக்கவைத்து, நெடுக்காகவே தெரியும் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை பயன்படுத்திப் பார்க்கிறேன்.